உப்புக் காற்றில் எஃகுச் சிற்பம்: நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

பதினாறு வருடத்துக்கு முன்பு, குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் முக்கில் ஒரு விளைமீன் செய்து நிறுத்தினேன். பதினான்கு அடி நீளம். வாலை ஊன்றித் துள்ளி எழுகிற மாதிரி இருக்கும். உடம்பு முழுக்கச் செதில்; ஒன்றே கால் மில்லி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் அறுநூற்றுக்கும் மேல் வெட்டி, கூரையில் ஓடு அடுக்குவது போல ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மேல் விளிம்பில் இரண்டு புள்ளி வெல்டிங் வைத்தேன். மாசியில் திருவிழாவுக்குத் திறந்தார்கள். ஆவணி பிறந்தபோது ஒவ்வொரு செதிலின் அடியிலிருந்தும் பழுப்பு நிறத்தில் ஒழுகியிருந்தது. மீன் அழுதது போல இருந்தது.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆயுசெல்லாம் கட்டுமரத்தில் போனவர், அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, மீனுக்குச் செதிலு தண்ணி வழுக்கிப் போவதுக்கு. நீ தண்ணி நிக்கதுக்குல்லா வச்சிருக்க."

அவர் சொன்னதுதான் முழுப் பாடமும். அந்த மீனை என் செலவிலேயே கழற்றி எடுத்து வந்து திரும்பச் செய்தேன். நாகர்கோவில் கோணத்தில் இருக்கிற என் பட்டறையில் அதற்கப்புறம் குருசடி என்கிற தெருவோரச் சிறு கோயிலுக்கான சிலுவை, கொடிமரம், அலங்கார வளைவு, ஊர் முக்கில் வைக்கிற வள்ளம், நங்கூரம் என்று நிறையச் செய்துவிட்டேன். ஊர் கமிட்டிக்காரர்களும், வெல்டிங் கற்றுக்கொண்டு சிற்ப வேலைக்கு வரும் தம்பிமார்களும் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் போய்ப் பாருங்கள்

வரைபடம் போடுவதற்கு முன் அந்த முக்கில் அரை மணி நேரம் நில்லுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பி, மின்கம்பத்தின் கிளாம்ப், கடை ஷட்டர் ஆகியவற்றில் எந்தப் பக்கம் அதிகம் துருப்பிடித்திருக்கிறது என்று பாருங்கள். நீரோடியிலிருந்து மணக்குடி வரைக்கும் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அலையை உடைத்துத் தூவலை அப்படியே ஊருக்குள் கொண்டுவரும். அலை உடையும் இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை எஸ்.எஸ்.ஸில் டீக்கறை மாதிரிப் பழுப்பு படியும் என்பது பொதுவான கணக்கு. நம் மாவட்டத்தில் கடலுக்கும் மலைக்கும் நடுவே இடமே குறுகல் என்பதால், ஊர்களில் பாதி இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். மலைப்பக்கக் குலசேகரத்தில் நிறுத்துவதற்கும் கடலோர முட்டத்தில் நிறுத்துவதற்கும் ஒரே விலைப்பட்டியல் போடுகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

எஸ்.எஸ்.ஸைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனியுங்கள். மழை நேராக விழுந்து கழுவுகிற பக்கம் நன்றாக இருக்கும். மழை படாமல் உப்புக் காற்று மட்டும் படுகிற பக்கம்தான் முதலில் கெடும். சிலுவையின் இரண்டு கைகளுக்கும் அடிப்பக்கத்தைப் போய்ப் பாருங்கள், தெரியும்.

நேரம் இருந்தால், ஒரு சாண் அளவில் 304, 316 என்கிற இரண்டு எஸ்.எஸ். ரகம், பெயின்ட் அடித்த சாதா இரும்பு என்று மூன்று துண்டுகளை அதே இடத்தில் ஆனியிலிருந்து ஐப்பசி வரை கட்டித் தொங்கவிடுங்கள். கமிட்டிக் கூட்டத்தில் நான் ஒரு மணி நேரம் பேசுவதை அந்த மூன்று துண்டுகளும் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

எந்த உலோகம்?

எஸ்.எஸ். என்றால் துருப்பிடிக்காது என்று நம்பித்தான் என் மீனில் நான் தோற்றேன். கடையில் 304 என்று வாய்வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்த தகடு 202 என்று பின்னால்தான் தெரிந்தது. 304இல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் சுற்றி இருக்கும். 202இல் விலையைக் குறைக்க நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். அது வீட்டுக்குள் கைப்பிடிக்குச் சரி, கடலுக்கு ஆகாது. 316இல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. உப்பை எதிர்த்து நிற்பது அதுதான். கடற்கரையில் எஸ்.எஸ். என்று முடிவு செய்தால் 316, வெல்டிங் வேலைக்கு அதிலேயே கரி குறைந்த 316எல். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

காந்தம் வைத்துப் பார்த்து நல்ல எஸ்.எஸ். என்று முடிவு செய்யும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. 202, 304, 316 மூன்றுமே காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது. நல்ல 304கூட வளைத்த இடத்தில் கொஞ்சம் ஒட்டும். அதனால் காந்தத்தை நம்ப வேண்டாம். மில் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) தகட்டில் அச்சடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சொட்டு மருந்துக் கிட் விற்கிறது. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் நான் இப்போது வெட்டுவதில்லை.

வெளிநாட்டுப் படத்தைக் காட்டி அதே போல வேண்டும் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கிற கேட்வே வளைவு 192 மீட்டர் உயரம், 1965இல் முடிந்தது, வெளித்தோல் 304. அந்த ஊர் கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நம் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் ஷிகாகோவில் செய்த கிளவுட் கேட் 316எல். ஆக, படத்தைப் பார்க்கும்போது அது நிற்கும் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேல்துருவையே காப்பாக வைத்திருக்கும் கார்ட்டென் எஃகு கேட்டு வந்த ஒரு தம்பியிடம் இதைத்தான் பொறுமையாக விளக்கினேன். இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் ஊரில் ஆண்டனி கோர்ம்லி 1998இல் நிறுத்திய வடக்கின் தேவதைச் சிற்பத்தைப் போனில் காட்டினான். 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் சிறகு, 200 டன். துருவே அதற்குச் சட்டை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, நனைந்து காய்ந்து, மேல்துரு இறுகிப்போய் உள்ளே இருக்கும் எஃகைக் காப்பாற்றும். பார்க்க அவ்வளவு அழகு, எனக்கும் ஆசைதான். ஆனால் உப்பு படிந்த இடத்தில் அந்தத் துரு இறுகாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுக்கடுக்காக உதிரும். ஹவாயில் 1975இல் திறந்த அலோஹா ஸ்டேடியத்தை இந்த வகை எஃகில்தான் கட்டினார்கள். கடல்காற்றில் துரு நிற்கவே இல்லை, பராமரிப்பே பெரும்பாடாகிவிட்டது. குளச்சலில் கார்ட்டென் வேண்டாம்.

பணம் குறைவு என்றால் சாதா எஃகையே எடுத்து ஹாட் டிப் கால்வனைஸ் செய்து, மேலே பெயின்ட் அடியுங்கள். மோசமான 316 வேலையைவிட ஒழுங்கான கால்வனைஸ் வேலை நன்றாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுசாக முக்கி எடுப்பார்கள். ஆறு மில்லிக்கு மேல் கனமான எஃகில் சராசரி 85 மைக்ரான் (ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) படிய வேண்டும். தொட்டியின் நீள அகலத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் சிற்பத்தைத் துண்டு பிரியுங்கள். மூடிய பைப்பில் காற்றுத்துளை இல்லாமல் அனுப்பக் கூடாது. உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகித் தொட்டிக்குள் பைப் வெடிக்கும், அங்கே நிற்கிறவர் உயிருக்கு ஆபத்து. துத்தநாகத்தின் மேல் சாதா எனாமல் பெயின்ட் அடித்தால் ஒரு வருடத்தில் தோல் உரிந்துவிடும். கால்வனைஸ் மேற்பரப்புக்கு என்றே உள்ள எபாக்ஸி பிரைமர் போட்டு, மேலே பாலியூரித்தேன் அடியுங்கள்.

தண்ணீர் நிற்காத வடிவம்

வேலையில் பாதி இங்கேதான். உலோகத்துக்குச் செலவழிக்கிற யோசனையைவிட இரண்டு மடங்கு யோசனையை இதற்குச் செலவழியுங்கள்.

இரண்டு தகடு ஒட்டி உட்காரும் மெல்லிய சந்துக்குள் உப்புத் தண்ணீர் போனால் வெளியே வராது. எஸ்.எஸ். தன்னைக் காத்துக்கொள்வது மேலே தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடுப் படலத்தால். அது சிதைந்த இடத்தில் திரும்ப உண்டாகக் காற்று வேண்டும். சந்துக்குள் காற்று இல்லை, உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். என் மீனில் அறுநூறு செதிலும் அறுநூறு சந்து. 316இல் செய்திருந்தாலும் கறை வந்திருக்கும், கொஞ்சம் தாமதமாக.

இரண்டாம் முறை செய்தபோது தகட்டுச் செதிலை விட்டுவிட்டேன். 12 மில்லி 316 ராடைச் செதில் வடிவில் வளைத்து, ஒன்றையொன்று தொடும் இடத்தில் முழுசாக வெல்டிங் செய்து, வலை மாதிரி மீனின் உடம்பைப் பின்னினேன். நடுவில் எல்லாம் திறந்த இடம். மழை உள்ளே போய் வெளியே வரும், காற்றும் அப்படியே. சாயங்காலம் மேற்கே வெயில் இறங்கும்போது மீனுக்குள் கடல் தெரிகிறது. அந்த அழகை நான் திட்டமிடவில்லை, தண்ணீருக்கு வழி விட்டதில் தானாக வந்தது.

இணைப்புகளில் விட்டுவிட்டு வெல்டிங் வைக்காதீர்கள். சுற்றிலும் தொடர்ந்து வையுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் முழுதும் வெல்டிங் செய்த இணைப்பு, எஸ்.எஸ். கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு என்றுதான் போயிருக்கிறார்கள். பைப்பை முழுக்க அடைக்க முடிந்தால் அடையுங்கள். முடியாவிட்டால் மிகத் தாழ்ந்த இடத்தில் பன்னிரண்டு மில்லிக்குக் குறையாத வடிகால் துளை விடுங்கள். பாதி அடைத்த பைப் இரண்டிலும் சேராது, அதுதான் உள்ளேயிருந்து அழுகும். மேல் பார்த்த சேனல், ஆங்கிள் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். கிடைமட்டமான மேல்தகட்டுக்கு ஒரு சரிவு கொடுங்கள், விரலளவு போதும். எஸ்.எஸ். மேற்பரப்பு எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு நல்லது. கிரைண்டிங் கோடுகள் மேலிருந்து கீழாகப் போகட்டும், குறுக்கே போனால் ஒவ்வொரு கோட்டிலும் உப்பு உட்காரும்.

இரண்டு வேறு உலோகத்தை நேராகச் சேர்க்காதீர்கள். நம் ஊரில் இது அதிகம் நடப்பது கொடிமரத்தில். உள்ளே இரும்புப் பைப், வெளியே பித்தளைக் கவசம். உப்புத் தண்ணீர் இடையில் புகுந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து இரும்பைத் தின்றுவிடும். வெளியே பித்தளை பளபளவென்றே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நியூயார்க் சுதந்திர தேவி சிலையிலேயே இது நடந்தது. 1886இல் நிறுத்திய அந்தச் சிலையின் தோல் செம்பு, உள்ளே தாங்கும் பட்டைகள் இரும்பு. இடையில் வைத்த காப்பு வீணாகி, இரும்புப் பட்டைகள் துருத்து வீங்கிவிட்டன. 1980களில் அவற்றை எடுத்துவிட்டு 316எல் பட்டைகளாக மாற்றி, இடையில் டெஃப்லான் வைத்தார்கள். கொடிமரத்துக்கு நான் உள்பைப்பையே 316எல்லில் போட்டு, கவசத்துக்கும் அதற்கும் இடையில் நைலான் வளையம் வைத்துவிடுகிறேன்.

காற்று

ஆரல்வாய்மொழிக் கணவாயில் இத்தனை காற்றாலை நிற்கிற மாவட்டத்தில் காற்றைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைப்போம். ஆனாலும் வளைவின் உச்சியில் பெரிய தகட்டுப் பலகை ஒன்றைத் தூக்கி மாட்டிவிடுகிறார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். நம் பகுதிக்கு ஐ.எஸ். 875 தரப்படி அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 90 கிலோவுக்கு மேல் தள்ளும். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் பலகை என்றால், தட்டை வடிவத்துக்கான கூடுதலையும் சேர்த்து எழுநூறு கிலோ வரும். அது ஆறு மீட்டர் உயரத்தில் இருந்து தள்ளுகிறது. கீழே இருக்கிற நாலு போல்ட்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2017 நவம்பர் கடைசியில் ஓகி வந்த அன்று வீடுகளில் ஓடு பறந்ததையும் ரப்பர் மரங்கள் வரிசையாகச் சாய்ந்ததையும் பார்த்தவர்கள் நாம். கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அந்த ஊர்களின் முக்கில் நிறுத்துகிற பொருள் யார் தலையிலும் விழக் கூடாது. ஆள் உயரத்துக்கு மேல் போகிற எந்தச் சிற்பத்துக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கணக்குப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அந்தச் செலவைக் குறைக்கச் சொல்லும் கமிட்டியிடம் நான் முன்பணம் வாங்குவதில்லை. உயரமான எஃகுக்கு எர்த்திங்கும் வேண்டும். ஐப்பசி இடியை மறக்காதீர்கள்.

பட்டறையில்

எஸ்.எஸ். வேலை நடக்கிற இடத்தில் சாதா இரும்பை கிரைண்ட் செய்யாதீர்கள். பறக்கும் பொறி எஸ்.எஸ். மேல் ஒட்டி, வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துருக்கும். டிஸ்க், பிரஷ், சுத்தியல் எல்லாம் தனியாக இருக்கட்டும். 316எல்லுக்கு 316எல் ராட் போட்டு ஆர்கான் வெல்டிங். வெல்டிங் பக்கத்தில் வரும் நீல, மஞ்சள் நிறத்தை அழகு என்று விட்டுவிடாதீர்கள், அங்கே காப்புப் படலம் கெட்டிருக்கிறது. பிக்ளிங் பேஸ்ட் தடவி, சொல்லியிருக்கிற நேரம் வைத்து, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அந்தப் பேஸ்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொட விடாதீர்கள்.

கால்வனைஸ் செய்யாமல் பெயின்ட் மட்டும் அடிக்கிறீர்கள் என்றால் சாண்ட் பிளாஸ்டிங் செய்த அன்றே, நாலு மணி நேரத்துக்குள், ஜிங்க் பிரைமர் விழ வேண்டும். மறுநாள் காலை வரை விட்டால் கடற்கரைக் காற்றில் மஞ்சள் பூத்துவிடும். விளிம்புகளில் பெயின்ட் மெலிதாகத்தான் நிற்கும். அதனால் விளிம்புக்கும் வெல்டிங்குக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட், பிறகு முழுதும் ஸ்பிரே. எல்லாம் சேர்ந்து 300 மைக்ரான் வர வேண்டும். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பெயின்ட் வேலையைத் தையிலிருந்து பங்குனிக்குள் முடியுங்கள்.

அடித்தளம்

பைப்பை நேராக கான்கிரீட்டில் புதைக்காதீர்கள். மண்ணும் ஈரமும் தொடும் அந்த வளையத்தில்தான் எல்லாக் கம்பங்களும் அறுந்து விழுகின்றன. பேஸ் பிளேட் வைத்து, தரையிலிருந்து ஓர் அடியாவது மேலே பீடத்தில் போல்ட் போடுங்கள். பீடத்தின் மேற்பரப்பு நாலு பக்கமும் வெளியே சரியட்டும். பிளேட்டுக்கு அடியில் சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை). கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்-30க்குக் குறையக் கூடாது. அலைத்தூவல் விழும் இடமென்றால் எம்-35, கம்பிக்கு மேல் 50 மில்லி கான்கிரீட் கவர். கடல்மணலை ஒரு சட்டிகூடச் சேர்க்க விடாதீர்கள். ராத்திரி வேலை என்றால் நீங்களே போய் நில்லுங்கள்.

நிறுத்திய பிறகு

ஷிகாகோவின் கிளவுட் கேட்டைக் கீழ் ஆறடி வரை தினம் இரண்டு முறை கையால் துடைக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை முழுச் சிற்பத்தையும் சுமார் 150 லிட்டர் சோப்புத் திரவம் கொண்டு கழுவுகிறார்கள். எஃகுக்கு முந்திய தேனிரும்பில் கட்டிய ஈஃபிள் கோபுரத்துக்கும் ஏழு வருடத்துக்கு ஒருமுறை போல 60 டன் பெயின்ட் அடிக்கிறார்கள். உலகப் புகழ் பெற்றதற்கே அப்படி என்றால் நம் ஊர் முக்கில் நிற்பதற்குக் கழுவல் வேண்டாமா?

மழை இல்லாத மாதங்களில் மாதம் ஒருமுறை, கச்சான் அடிக்கிற மாதங்களில் வாரம் ஒருமுறை, நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவ வேண்டும். கடற்கரை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கும், குடிக்கிற தண்ணீர்தான். அதனால் பீடத்தின் பக்கத்திலேயே ஒரு குழாய் இழுக்கும் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுகிறேன். கைகளின் அடிப்பக்கம், மழை படாத மடிப்பு, இவற்றை முதலில் கழுவுங்கள்.

திருவிழாவுக்கு முன் பீடத்துக் கிரானைட்டைப் பளிச்சென்று ஆக்க ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ ஊற்றுகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். இரண்டிலும் குளோரின் இருக்கிறது. ஒரு குருசடியில் நான் வைத்த 316 சிலுவையின் அடிப்பகுதி, மூன்று வருடம் கறையில்லாமல் நின்றது, ஒரே ஒரு ஆசிட் கழுவலில் குழி குழியாகிவிட்டது. தண்ணீரும், கொஞ்சம் மிருதுவான சோப்பும், துணியும் போதும். லேசான பழுப்பு வந்தால் எஸ்.எஸ்.ஸுக்கான ஆக்சாலிக் அமில கிளீனர் போட்டுத் தேய்த்து, உடனே கழுவிவிடுங்கள். ஸ்டீல் உல் எடுக்காதீர்கள். அதன் நூல் ஒட்டி அதுவே துருக்கும்.

கன்னியாகுமரிக்குப் போனால், விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடக்கும்போது, கண்ணாடியைப் பார்த்து முடித்ததும் தலையைத் தூக்கி எஃகு வளைவையும் அதன் இணைப்புகளையும் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் ஆவணியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் எஃகு எங்கே தாங்குகிறது, எங்கே கவனம் கேட்கிறது என்று அறிய இந்த மாவட்டத்தில் அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

கடைசியாக, ஒரு நோட்டு வாங்கிக் கோயில் அலுவலகத்திலோ நூலகத்திலோ வையுங்கள். கழுவிய தேதி, கழுவியவர் பெயர், கறை தெரிந்த இடம் எழுதட்டும். ஆனி முதல் நாளும் மார்கழி முதல் நாளும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம். என் விளைமீனுக்கான நோட்டு இப்போது நாலாவது. அந்தப் பெரியவரின் பேரன்தான் எழுதுகிறான். போன ஆடியில் வால் அடியில் ஒரு ரூபாய் அளவுக்குப் பழுப்பு தெரிகிறது என்று படம் அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு பேருமாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தோம்.